பீரோ போட்டுக்கொண்ட ஊசிகள்

என் தங்கை வீட்டுக்காரனைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பீரோ என்றால்தான் திரும்புவான். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலையில் நானும் அவனும் ஒரே லாரி. சேர்ந்த முதல் வாரமே ஓர் இரும்பு பீரோவைத் தனியாக முதுகில் வைத்து மூன்றாவது மாடிக்கு ஏற்றினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். படிக்கட்டில் கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும். அந்த இடத்தை அவன் யாருக்கும் விட்டதில்லை.

முப்பத்தெட்டு வயதில் கை தளர்ந்தது. என் தங்கையைக் கட்டி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வாஷிங் மெஷினைப் படித் திருப்பத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். டிரைவர் சும்மா இருப்பாரா?

"என்ன பீரோ, கதவு ஆடுது? கல்யாணம் ஆனதும் கீல் போச்சா?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த வாரமே, நாலு மாடி சாமான் ஏற்றிய களைப்போடு, சாயங்காலம் லேபில் போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் அளவு குறைவு என்று வந்தது. அது காலையில் ஏறியிருக்கும், பொழுது சாயச் சாய இறங்கும், தூக்கம் கெட்டாலும் இறங்கும், அதனால் காலையில் இன்னொரு தடவை பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் லாரி காலை ஆறுக்குக் கிளம்பிவிடும். லீவு கேட்டால் டிரைவர் வாயில் விழ வேண்டும். இவன் லேபுக்குப் போகவில்லை, ஒரு ஜிம்காரனிடம் போனான். வாரம் ஒரு ஊசி. யாருக்கும் சொல்லவில்லை.

தோள் அகன்றது. பழைய பலம் வந்தது. மூன்று வருஷம் போயும் குழந்தை மட்டும் வரவில்லை. தங்கைதான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். அவனையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். "எல்லாம் நல்லா இருக்கு, பேப்பர்தான் எங்கயோ போச்சு" என்றான். அவள் என்னிடம் ஒருமுறை சந்தேகமாகக் கேட்டாள். "அவன் உடம்பப் பாத்தாலே தெரியலையா உனக்கு" என்று நானே அதட்டினேன். கடைசியில் அவள் வயிற்றில் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

அதற்கு முந்தின நாள். லாரியின் பின்பக்கம், போர்வை சுற்றிய சோபாக்களுக்கு நடுவில் இரண்டு பேரும் உட்கார்ந்து வந்தோம். பர்சிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினான்.

"மச்சான், அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்."

"உனக்கு என்ன?"

"உயிரணு ஒண்ணுகூட இல்லயாம். மூணு வருஷமா ஒரு ஜிம்காரன்கிட்ட பலத்துக்கு ஊசி போட்டுக்கறேன். அந்த ஊசியாலதான்னு சொல்லிட்டாங்க."

கையை ஓங்கிவிட்டேன். அவன் விலகவில்லை.

"ஊசிய விட்டா சரியாயிடுமா?"

"ஆனாலும் ஆகலாமாம். மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உடம்பு இறங்கிடும். அப்புறம் என்னை எந்த லாரில சேத்துக்குவாங்க?"

"நாளைக்கு அவ வயித்தக் கிழிக்கப் போறாங்கடா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நேராக வீட்டுக்குப் போனோம். தங்கை ஆஸ்பத்திரிப் பையில் துண்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பேப்பர் என்னைக்கு வந்துச்சு?"

"போன மாசம் மூணாம் தேதி."

"எனக்குக் கர்ப்பப்பைக்குள்ள மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தது பதினொண்ணாம் தேதி. நீ வெளியிலதான் உக்காந்திருந்த. நான் கத்தினது கேட்டுச்சா?"

அவனை அவள் 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கேட்டுச்சு" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாண்ணா?"

"இன்னைக்குத்தான்" என்றேன். அதட்டியது ஞாபகம் வந்து தலையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா முன்னால் அவனை உட்கார வைத்துவிட்டு அவள் நின்றாள். ஆபரேஷன் நின்றது. டாக்டரம்மா அவனிடம் கேட்டார்: "வெளியாள் வந்து உங்க லாரிய இறக்கிட்டா, உங்க ஆளுங்க என்ன பண்ணுவாங்க?"

"உக்காந்துடுவாங்க."

"அதேதான். ஊசில ஹார்மோன் வந்ததும், இங்க போதும்னு மூளை உத்தரவு அனுப்பறத நிறுத்திடுச்சு. விதை வேலை செய்யாம கெடக்கு. திரும்ப எழுப்பணும். எவ்வளவு எழும்னு நான் இப்ப சொல்ல மாட்டேன்."

ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் வைத்தியம் ஆரம்பித்தது. அந்த மாதங்களில் அவன் பாதி ஆளானான். ஒன்றுமில்லாததற்குக் கண் கலங்குவான், எரிந்து விழுவான். எங்களுக்குக் கயிறு கட்டிக் கொடுக்கிற வேலைக்கு மாறினான். டிரைவர் ஏதோ ஆரம்பிக்க, "வாய மூடிட்டு வண்டிய ஓட்டுங்கண்ணே" என்றேன். தங்கை அவனுக்குச் சோறு போட்டாள், பேச்சை மட்டும் எண்ணி எண்ணிப் போட்டாள். விட்டுவிட்டுப் போவாளோ என்று நானே பயந்தேன். ஆனால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் கூடப் போவாள். ரிப்போர்ட்டை அவள்தான் கை நீட்டி வாங்குவாள்.

பதினொன்றாவது மாதம் நானும் போயிருந்தேன். லேப் வாசலிலேயே பிரித்துப் படித்தாள்.

"வந்திருக்கு. கொஞ்சந்தான்."

கொஞ்சம் போதுமா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவன் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் தட்டிக்கொடுக்கவும் இல்லை, நகர்ந்து போகவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் எழுந்திருக்கட்டும் என்று நின்றாள்.