தபசு காலத்தில் மட்டும் ஆறிய கைகள்

என் மூத்த மகளுக்கு ஐந்து வயதில் கரப்பன் வந்தது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் கழுத்திலும் தோல் சிவந்து சொரசொரத்துவிடும். சொறிந்தால் நீர் வடியும். நித்திரையிலும் சொறிவாள். விடிந்து பார்த்தால் சட்டைக் கையில் இரத்தம் காய்ந்திருக்கும். மனைவி பழைய சீலையைக் கிழித்து அவளுடைய விரல்களைச் சுற்றிக் கட்டிவிடுவாள்.

பரியாரியார் எண்ணெய் காய்ச்சித் தந்து பத்தியமும் சொன்னார். நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய் நான்கும் ஆகாது. நாங்கள் அல்லைப்பிட்டியில் கடற்றொழில் செய்கிற குடும்பம். கத்தரிக்காயை விடலாம். மற்ற மூன்றையும் நானே கடலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறவன். தம்பிமார் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சும்போது அவள் சுவரைப் பார்த்து இருந்துகொண்டு பருப்பும் சோறும் சாப்பிடுவாள். கேட்டால், "எனக்கு அந்த மணம் பிடிக்காது" என்பாள். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் வந்தால் அவளுக்குக் குணமாகிவிடும். விபூதிப் புதன் கழிந்து இரண்டு கிழமையில் சொறிவது குறையும். பெரிய வெள்ளிக்கிழமை வரும்போது கைகளில் பழைய அடையாளம் மட்டும்தான் இருக்கும். உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு கிழமை போனால் திரும்பவும் பழையபடி. மூன்று வருடம் இப்படியே நடந்தது. தபசு காலத்தில் எங்கள் வீட்டில் இறைச்சி காய்ச்சுவதில்லை. ஆகவே இறைச்சிதான் காரணம் என்று முடிவு கட்டினோம். மூன்றாம் வருடம் உயிர்த்த ஞாயிற்று ஆட்டிறைச்சியையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அப்படியும் வந்தது. ஒருவரும் பார்க்காத நேரம் குசினிக்குள் போய் எடுத்துத் தின்றிருப்பாள் என்று நினைத்து அவளுக்கு அடித்தேன். "இல்லையப்பா, இல்லையப்பா" என்று சொன்னாள். நான் நம்பவில்லை.

இவ்வளவுக்கும் அந்த வீட்டில் எனக்குப் பக்கத்தில் அதிகம் இருந்தவள் அவள்தான். கடலால் வந்து சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் பூவரசு நிழலில் கிழிந்த வலை பொத்துவேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு ஊசிக்கு நூல் சுற்றித் தருவாள். நான் பேசத் தெரியாதவன். நாலு பேர் கூடினால் எழும்பிப் போய்விடுவேன். அவள் பேசுவாள், நான் சுருட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி இருப்பேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவள் கையைப் பார்த்துவிட்டு, வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டேன் என்று எழும்பிப் போனதை அவள் தாய்க்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னாள்.

நாலாம் வருடம் உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் என் தங்கச்சி அவளைப் பள்ளி விடுமுறைக்கென்று ஊர்காவற்றுறையில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது குசினி வாசலில் நின்று என் மனைவிக்குச் சொன்னாள்:

"மச்சாள், ஒரு சங்கதி சொல்லப்போறன், என்னை ஏசக்கூடாது. பிள்ளை நண்டு திண்டவள்."

"ஐயோ! எத்தினை தரம்?"

"நண்டு மூண்டு தரம். இறால் நான் எண்ணேல்லை."

"உமக்கென்ன விசரோ? பத்தியம் எண்டு சொல்லித்தானே விட்டனான்."

"எனக்கு விசர்தான். நீங்கள் கையைப் பாருங்கோ. எங்கை சொறி?"

மனைவி பிள்ளையின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தபசு காலத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் முழங்கை மடிப்பு சிவந்தது. அந்த ஐந்து நாளும் அவள் தின்றது சோறும் பருப்பும் முருங்கையிலையும்தான்.

மனைவி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் நான் வலையோடு இருக்கும்போது வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, தபசு காலத்திலை நான் இறைச்சியை விடுறனான். நீங்கள் என்னத்தை விடுறனீங்கள்?"

அது என் வாயில் இருந்தது.

"உங்கடை தங்கச்சியின்ரை மனுசன் சுருட்டும் தொடாது, பீடியும் தொடாது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

என் தகப்பனைப் போல நானும் அந்த நாற்பது நாளும் ஒறுத்தலாகச் சுருட்டை விட்டுவிடுவேன். உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து கோயில் வளவைத் தாண்டியதும் பற்றவைப்பேன். அந்தப் புகைக்குள்தான் என் பிள்ளை பின்னேரம் முழுக்க என் தோளில் சாய்ந்து இருந்திருக்கிறாள்.

அடுத்த நாள் அவள் நூற்கட்டையோடு வந்தபோது, "உள்ளை போ பிள்ளை. இனி இஞ்சை வரவேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சுருட்டை எறிந்திருக்கலாம். இரண்டையும் செய்ய என்னால் முடியவில்லை. பதினாறு வயதில் பழகிய பழக்கம் அது. பிள்ளைக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

நாலு நாள் அவள் வரவில்லை. வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் நாள் இரண்டு கைகளையும் தோள்மூட்டிலிருந்து மணிக்கட்டு வரை சீலைத் துண்டால் தானே சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, இப்ப ஒண்டும் தெரியாது. இருக்கலாமோ?"

வாங்கில் இருந்து எழும்பிப் போன அந்தப் பிள்ளையைப் போலவே என்னையும் அவள் நினைத்திருக்கிறாள். சுருட்டை மண்ணில் குத்தி அணைத்தேன்.

"உன்ரை கையாலை இல்லை பிள்ளை, நான் போகச் சொன்னது. என்ரை சுருட்டுப் புகை உனக்குச் சேரேல்லை. நான் உனக்கு அடிச்சதும் பிழை."

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் தவிர நான் யாரிடமும் பிழை என்று சொன்னதில்லை.

"அப்ப நான் இறைச்சி களவாய்த் தின்னேல்லை எண்டு இப்ப நம்புறீங்களோ?"

"ஓம்."

"மாமி வீட்டிலை நண்டு திண்டனான். அது களவில்லை."

"அது களவில்லை."

பிறகு அவள் குனிந்து என் தோளை மணந்து பார்த்தாள். "இன்னும் மணக்குது. குளிச்சிட்டு வாங்கோ" என்றாள். நான் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு வார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் சீலைத் துண்டுகளை அவிழ்த்து ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு நூல் சுற்றத் தொடங்கியிருந்தாள்.

அன்றோடு விட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் கடலில் இன்னும் இரண்டு வருடம் சுருட்டுப் பிடித்தேன். கரப்பனும் முழுதாகப் போகவில்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் தலைகாட்டும். ஆனால் விரல்களுக்குச் சீலை கட்ட வேண்டி வரவில்லை. புகைக்கும் அவளுடைய தோலுக்கும் என்ன பகை என்று எனக்குத் தெரியாது, நான் கண்டதைத்தான் எழுதுகிறேன். அந்த இரண்டு வருடமும் கரைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வள்ளத்திலேயே விட்டுவிட்டுக் குளித்துத்தான் வீட்டுக்குப் போவேன். அவள் வாசல் படலையில் நின்று மணந்து பார்ப்பாள். சில நாள் திருப்பி அனுப்பியும் இருக்கிறாள்.