தப்புப் பக்கம் சுருண்ட அம்மோனைட்

பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது.

நூல் கழலாமலிருக்க முதுகில் பசை பூசிய பன்னிரண்டடி அகலத் துணியை ஃபிரேமிலிருந்து இறக்கி, அரியலூர்ப் பட்டறைத் தரையில் விரித்திருந்தோம். அதில் ஓர் அம்மோனைட். இங்கே கடல் இருந்த காலத்தில் வாழ்ந்து கல்லாகிப்போன, நத்தைபோல் சுருண்ட உயிரி. பெரம்பலூரில் ஒரு கல்லூரி, தன்னிடமிருந்த கல்லைப் படமெடுத்து அனுப்பி, மியூசியச் சுவருக்குக் கம்பளி நூலில் அதன் உருவத்தைக் கேட்டிருந்தது. எங்கள் முதல் பெரிய ஆர்டர். படத்தைக் கம்ப்யூட்டரில் பதினோரு நிறமாகப் பிரித்தது நான். நூலைத் துணியில் குத்தி ஏற்றும் டஃப்டிங் கன்னைப் பிடித்தது ஏலாக்குறிச்சி ஆரோக்கியமேரி. இரண்டு நிற நூலைச் சேர்த்துக் கோத்து, கல்லின் மேடுபள்ளத்தை அப்படியே கொண்டுவந்திருந்தார்.

அவர் போட்டோவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“சார், கல்லுல ஒடைசல் எடது பக்கம்ல இருக்கு? நமக்கு வலது பக்கம் வந்துருக்கு.”

டஃப்டிங்கில் துணியின் முதுகுப் பக்கம் நின்று குத்துவோம். ஆகவே புரொஜெக்டரில் துணிமேல் போடும்முன் படத்தை இடவலமாகத் திருப்ப வேண்டும். பட்டறையில் முதல் பாடமே இதுதான். நடத்தும் வாத்தியார் நான். இருபது வருடம் ஃபிளெக்ஸ் பேனரில் படத்தை நேராகவே அடித்த கை, மறந்துவிட்டது.

மறுபடி செய்ய மூன்று வாரம் ஆகும். திறப்பு விழா மறுநாள். சுருள் எந்தப் பக்கம் போனால் யாருக்குத் தெரியும் என்றேன்.

“கல்லைப் பக்கத்துலயே வைக்கிறாங்க சார். மொத ஆளே கண்டுபுடிச்சிரும். நம்ம கையத்தானே கொறை சொல்லுவாங்க?”

‘நம்ம’ என்றது அவருடைய பெருந்தன்மை.

குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் மன்னிப்பு வாசகங்களைத் தயார் செய்தேன். மியூசியப் பொறுப்பிலிருந்த பேராசிரியரிடம், திருப்ப மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

“மியூசியம்னா இருக்கிறத இருக்கிறபடி காட்டணும் சார். இதை எப்படி மாட்டுறது?” என்றார் அவர்.

ஆரோக்கியமேரி, கல்லைத் தொடலாமா என்று கேட்டார். இரண்டு கையாலும் தூக்கி, புரட்டி வைத்தார். உடைசல் வலப்பக்கம் வந்தது. சுருளும் எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது.

“மூணு வாரமா முதுகுப் பக்கந்தாங்க நின்னேன். கல்லுக்கும் ஒரு முதுகு இருக்குமில்ல?”

பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “ரெண்டு பக்கமும் அதே வரிதான், அதே கல்லுதாம்மா. மாட்டுங்க” என்றார்.

விழாவில் மாணவர்கள் கல்லையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரியும் பொருந்தியது. நூலைத் தடவாமல் யாரும் நகரவில்லை. மதியத்துக்குள் ‘தொடாதீர்’ அட்டை வைத்துவிட்டார்கள். அந்த அட்டையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

படத்தைத் திருப்பிவிட்டுப் புரொஜெக்டரைப் போடு என்பதுதான் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதை இப்போது ஆரோக்கியமேரி நடத்துகிறார். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.