வாட்டர் சர்வீஸ் இருந்த இடம்

செந்தில்நாதன் இறந்த காலையில் ஸ்ரீதேவி முதலில் குழாயைத்தான் மூடினாள். கழுவிக்கொண்டிருந்த ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே அவன் சரிந்து கிடந்தான். கையிலிருந்து நழுவிய ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. மோட்டாரை நிறுத்தி, ஹோஸைச் சுருட்டி வைத்த பிறகுதான் புருஷனைத் தொட்டாள். மாரடைப்பு என்றார்கள். அவள் அழவில்லை. அழுகை மெதுவாக வரும் என்று கொள்ளேகாலிலிருந்து வந்த உறவுக்காரர்கள் சொன்னார்கள். வரவில்லை.

காரியம் முடிந்ததும், அவன் வண்டி கழுவி நடத்திவந்த வாட்டர் சர்வீஸைத் திறந்தாள். கூட நின்றது அவளுடைய அண்ணன் மதன். மைசூரின் ஓரத்தில், ஏரிக்குப் போகும் மழைநீர்க் கால்வாயின் வளைவில் இருந்தது அந்தக் கொட்டகை. வண்டிகளிலிருந்து வழியும் எண்ணெயும் சோப்பும் நேராகக் கால்வாயில் இறங்கின. செந்தில்நாதன் இருந்தபோதும் அப்படித்தான்.

அந்தக் கோடையின் முதல் மழைக்கு ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. ஜன்னல் திறக்க முடியாத நாற்றம். குடியிருப்போர் சங்கத் தலைவர் நஞ்சுண்டசாமி எல்லோரையும் சமுதாயக் கூடத்துக்கு அழைத்தார். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. யார் வாசல் தண்ணீர் எந்த வழியாக ஏரிக்குப் போகிறது என்று அவரவரே கோடு போடச் சொன்னார். ஓட்டல்காரர் போட்டார். கறிக்கடைக்காரர் முனகிக்கொண்டே போட்டார். ஸ்ரீதேவி எழுந்துபோய்த் தன் கொட்டகையிலிருந்து ஒரு கோடு இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பல கூட்டங்கள் நடந்து ஒரு திட்டம் தேறியது. மழைத்தண்ணீர் ஏரியில் விழுமுன் ஒரு தொட்டியில் தேங்கி மண்ணையும் எண்ணெயையும் விட்டுவிட்டு, நாணல் பாத்தி வழியாக மெல்லப் போக வேண்டும். அதற்குத் தோதான இடம் கால்வாயின் வளைவு ஒன்றுதான். கொட்டகையை எடுத்தாக வேண்டும். மெயின் ரோட்டில், எண்ணெய் பிரிக்கும் தொட்டியோடு மாற்றிடம் கிடைக்கும் என்றார் நஞ்சுண்டசாமி. சண்டையை எதிர்பார்த்துத்தான் அவர் வந்திருந்தார். மதன் எழுந்து, அபார்ட்மெண்ட்காரர்களின் கழிவைக் கேட்க ஆளில்லையா என்று சத்தம் போட்டான். நஞ்சுண்டசாமி ஸ்ரீதேவியைப் பார்த்தார். அவள் கன்னடத்தில் ஒற்றைச் சொல்லில் சம்மதம் சொன்னாள்.

வெளியே வந்ததும் மதன் அவளை நிறுத்தினான்.

“மாப்பிள்ளை உசுரு போன எடம் அம்மிணி அது. உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

“இல்லீங்ணா. அன்னைலிருந்து எதுவுமே தோண மாட்டேங்குது.”

அவன் வண்டியைக் கிளப்பினான். சில நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் கொட்டகையின் தகரத்தைப் பிரிக்க அவனே வந்தான். சிமெண்ட் தளத்தை உடைத்தபோது ஸ்ரீதேவி பக்கத்தில் நின்று, ஆட்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

நாணல் வேர் பிடித்த பிறகு வந்த பெருமழைக்குக் குடைகளோடு ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்க வந்தது. மீன் அப்போதும் செத்தது, முன்பு அளவுக்கு இல்லை. மேட்டுத் தெருக்களின் அழுக்கு மொத்தத்தையும் ஒரு பாத்தி தாங்காது, அங்கங்கே வாசலிலேயே குழி வெட்டி வடிகட்ட வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஸ்ரீதேவியைக் கேட்டார்கள். போவதும் போகாமல் இருப்பதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்ததால் போனாள்.

அவள் கெஞ்சவில்லை, பயமுறுத்தவில்லை. உங்கள் வாசலிலிருந்து இது போகிறது, இங்கே போய்ச் சேர்கிறது என்பாள். பிறகு சும்மா நிற்பாள். அந்த நிற்றலைத்தான் பலரால் தாங்க முடியவில்லை. குழி வெட்டினார்கள்.

டைல்ஸ் அறுக்கும் பசவராஜ் மட்டும் அவளிடம் நேராகக் கேட்டார்: இடத்தையும் விட்டுக்கொடுத்தீர்கள், இப்படி அலைந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது? அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

“தெரியலைங்க. உங்க தூள் தண்ணி கீழதான் வருது.”

பசவராஜ் தன் முற்றத்தில் வெள்ளையாகப் படிந்திருந்த சேற்றைப் பார்த்தார். குழி எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டார். சொன்னாள். பிறகு அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினாள்.