கடைவீதியில் அரை மணி நேரம்

எங்கள் டவுன் பஸ் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் சிக்கிக் கிடந்த ஒரு காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எந்த பஸ் எத்தனை நிமிஷம் நிற்கலாம் என்று விசில் ஊதிச் சொல்ல பஸ் ஸ்டாண்டில் ஒரு டைம் கீப்பர் இருக்கிறாரே, கடைவீதி வண்டிகளுக்கு ஏன் ஒருவர் இருக்கக் கூடாது? பஸ் நகர்வதற்குள் டிக்கெட்டின் பின்புறம் போதாமல் உள்ளங்கையிலும் திட்டத்தை எழுதி முடித்துவிட்டேன்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல்கள் நடந்த வருஷங்கள் அவை. மறியல் நாளில் சாலையில் ஈ, காக்கை இருக்காது. மறுநாள் வழி திறந்ததும் சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் ஒரே நேரத்தில் கடைவீதிக்குள் நுழையும். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன். மறியலில் முதல் வரிசையில் உட்கார்ந்து எங்களுக்கு உரிய பங்கைக் கொடு என்று தொண்டை கட்டக் கத்துவேன். மற்ற நாட்களில் கைகால் சும்மா இருக்காது.

புளி மண்டிக்காரர் ஒருவரிடம் போய்த் திட்டத்தைச் சொன்னேன். "இன்னா தம்பி, இத்தினி நாளா இத மனசுல வெச்சிக்கினு எங்க இருந்த?" என்று தோளைத் தட்டினார். மற்ற வியாபாரிகளையும் அவரே பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒரு வியாபாரிக்கு இதில் ஏன் இவ்வளவு ஆசை என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். என் திட்டத்தின் அழகுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி வந்து நின்றதும் சக்கரத்தில் சாக்பீஸால் நேரம் எழுதுவேன். அரை மணி ஆனதும் விசில். உடனே கிளம்ப வேண்டும். வேலை முடியாவிட்டால் ஏரிக்கரைக்குப் போய், அங்கே முறைக்குக் காத்து நிற்கும் வண்டி வரிசையின் வாலில் சேர வேண்டும். இரண்டே வாரத்தில் வீதியில் நெரிசல் விட்டது. "டைம் கீப்பர் சார்" என்று டீக்கடையில் கூப்பிட்டார்கள். நடையே மாறிவிட்டது எனக்கு.

மூன்றாவது வாரம் கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் புளி கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். நாலைந்து நாள் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்கி, அங்கிருந்து வாடகை வண்டி பிடித்து வந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை காய்க்கும் புளி. அதை விற்றுத்தான் மழை மாதங்களுக்கு அரிசி வாங்க வேண்டும்.

வண்டி மண்டி வாசலில் நின்றது. சக்கரத்தில் எழுதினேன். மண்டிக்காரர் பேப்பர் படித்தார், டீ குடித்தார், யாரிடமோ மழையைப் பற்றிப் பேசினார். மூட்டைப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவுருக்கு இன்னும் எவ்ளோ நேரம்?"

"அஞ்சு நிமிஷம்ணா."

"கேட்டுக்கினியா?" என்று மலைக்காரரிடம் ஒரு விலை சொன்னார். கேட்ட எனக்கே சிரிப்பு வந்தது, அவ்வளவு கம்மி. "போடறதுன்னா போடு. இல்லாங்காட்டி ஏரிக்கரைக்கு ஓட்டிக்கினு போ. உன் முறை வர்றதுக்குள்ள பொழுது பூடும். நாளைக்கி மறியல் வேற."

மலைக்காரர் என்னிடம் வந்தார். "தம்பி, கொஞ்சம் பொறுங்க. பக்கத்து மண்டில ஒரு வார்த்த கேட்டுட்டு ஓடியாந்துடறேன்."

கையில் கடிகாரம். விதி விதிதான் என்று எனக்குள் ஒரு மிடுக்கு. வீதியே பார்த்துக்கொண்டிருந்தது. விசிலை ஊதினேன்.

மண்டிக்காரர் சொன்ன விலைக்கே மூட்டைகள் இறங்கின. மண்டிக்காரர் எனக்கு டீ சொன்னார். "உன் பீப்பி கீதே தம்பி, பத்து தரகருக்கு சமானம்!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும் அந்த டீயைக் குடித்தேன். மறுநாள் மறியலில் உட்கார்ந்து பங்கு கேட்டேன். அதற்கும் மறுநாள் விசிலோடு கடைவீதிக்குப் போனேன். இன்றைக்கும் முகம் சுடுவது விசில் ஊதியதற்காக மட்டுமல்ல, மறுபடி போனேனே, அதற்காகவும்தான்.

பத்து நாள் கழித்து மலைக்காரர் மிச்சப் புளியோடு வந்தார். இந்தத் தடவை வண்டி வீதிக்குள் வரவில்லை. ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மூட்டையாகத் தலையில் வைத்து, கூட்டத்துக்குள் நடந்து வந்து மண்டி வாசலில் இறக்கினார். மூன்றாவது மூட்டையோடு என்னைக் கடக்கும்போது மூச்சு வாங்க நின்றார்.

"வண்டி இல்லீங்க தம்பி, சக்கரமும் இல்ல. நேரம் எங்க எழுதுவீங்க? என் முதுவுலயா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்தார். ஒரு கை பிடிக்கலாம் என்று போனேன். "வேணாங்க, நீங்க உங்க வேலயப் பாருங்க" என்று நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து வேறொரு விதி எழுதினேன். சக்கரத்தில் இனி எழுதுவதில்லை. மண்டி வாசற்படியில்தான் எழுதுவது. விலை சொல்லி எடை போட மண்டிக்கு அரை மணி. அதுவரை வண்டி அசைய வேண்டாம். அரை மணி தாண்டினால், விசில் மண்டிக்காரருக்கு. அவர் படியில் என்னைக் குனிய விடுவாரா என்பது தெரியாது. இனி டீ கிடைக்காது என்பது மட்டும் நிச்சயம். காலையில் முதல் வண்டி வருவதற்கு முன்னால் போய் எழுதிப் பார்த்துவிடுவது என்று சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.