ப்ராக்ஸிக் கணக்கில் செண்பகம் மேடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கைபேசி சிணுங்கியது. சென்ற வாரம் நான் தினமும் சராசரியாக எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தேன் என்று கணக்குச் சொல்கிறதாம். அதற்கு முந்தைய வாரத்தைவிட அதிகமாம். கூடவே நீல நிறத்தில் பட்டை பட்டையாக ஒரு படம். "யார்கிட்ட வந்து கணக்குக் காட்டற?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "இப்ப போனோட சண்டையும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. அவளுக்கு எங்கே தெரியும்? இந்த மாதிரிப் பட்டை போட்டுக் கொடுத்துத்தான் தில்லியில் நான் கொஞ்ச காலம் சோறு தின்றேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகம். பெயர் எதற்கு, விடுங்கள். நான் அங்கே ஒப்பந்த ஊழியன். திருச்சியிலிருந்து ரயிலேறி வந்து முனிர்காவில் ஓர் அறையில் மூன்று பேரோடு நான்காவதாக ஒண்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் இருந்தது, ஆனால் அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பஸ்ஸைப் பிடித்து வேர்க்க விறுவிறுக்க அலுவலகம் வந்து சர்வர் அறைக் கதவைத் திறந்தால், அப்பாடா, ஏ.ஸி! டைரக்டர் அறைக்கு அடுத்தபடியாக அந்த இயந்திரங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. மே மாதத்தில் அத்தனை பேருக்கும் திடீரென்று சர்வர்மேல் அக்கறை வந்துவிடும். "சர்வர் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்து அரைமணி நேரம் நிற்பார்கள்.

அந்த அறையில்தான் ப்ராக்ஸி இருந்தது. அலுவலகத்தில் யார் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் அந்த ஒரு கணினியின் வழியாகத்தான் போயாக வேண்டும். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிபோல, எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தத் தளம் என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியாக அது எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கே லட்சக்கணக்கில் வரிகள். கண்ணால் படித்தால் பைத்தியம் பிடிக்கும். அதை அரைத்துச் சலித்து, எந்தக் கணினி அதிகம் பயன்படுத்துகிறது என்று திங்கட்கிழமை தோறும் டைரக்டர் மேசையில் ஓர் அறிக்கையாக வைப்பது என் வேலை. அதற்காக நானே ஒரு நிரல் எழுதியிருந்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஊருக்கு எழுதிய கடிதத்தில்கூட அதைப் பற்றி ஒரு பக்கம் அளந்திருந்தேன். அப்பா பதிலில் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டிருந்தார்.

சாப்பாடு என்றதும் செண்பகம் மேடத்தின் டிபன் பாக்ஸ் வாசனை வந்துவிடுகிறது பாருங்கள். சர்வர் அறையின் செத்த குளிரிலிருந்து வெளியே வந்து, நடைபாதையில் கூலரின் ஈர வெட்டிவேர் வாசனையைத் தாண்டினால், அவர் அறையிலிருந்து எலுமிச்சம்பழச் சாதமும் கூழ்வத்தலும் வா வா என்று கூப்பிடும். மேடத்துக்குத் தென்காசிப் பக்கம். கணவர் அதே அலுவலகத்தில் வேலை பார்த்துத் திடீரென்று மாரடைப்பில் போனவர். அவருடைய வேலையைத்தான் இவருக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். "வீட்டுல நம்மகூட பேசுததுக்கு டி.வி. ஒண்ணுதான் தம்பி. அந்தச் சவமும் ஹிந்தியிலதான் பேசுது" என்பார்.

அப்போதெல்லாம் அறைக்கு ஒரு கணினிக்குத்தான் இணையம். அவர் அறையில் அது அவர் மேசையில் இருந்தது. ஊர்ச் செய்தி வேண்டும் என்று அவர் கேட்டதால், ஒரு தமிழ் நாளிதழின் தளத்துக்கு வேண்டிய எழுத்துருவை அதில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கண்றாவியாக ஏதோ வரும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அங்கே கூடுவோம்.

எல்லாரும் என்றால் நாலு பேர். முரளி, கோல் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவன். திருநெல்வேலித் தமிழும் தில்லி ஹிந்தியும் கலந்து பொழிவான், தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ரேவதி, கும்பகோணத்துக் குடும்பம், ஆனால் அவளும் தில்லியில் பிறந்தவள்தான். எழுத்துக்கூட்டி 'அம்மா', 'ஆடு' வரைக்கும் போவாள். பாண்டேஜி, அலாகாபாத்காரர். தமிழுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கூழ்வத்தலுக்காக வருகிறவர். அப்புறம் நான்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிப்பார். "கேளுங்கடே" என்று ஆரம்பித்தால் அறையே அமைதியாகிவிடும். பஸ் கட்டண உயர்வு, கோயில் கொடியேற்றம், குற்றாலத்தில் சாரல், ராசிபலன். நடுநடுவே பாண்டேஜிக்கு ஹிந்தியில் ஒரு சுருக்கம். அதில் ஆண்பால் பெண்பாலெல்லாம் அவர் இஷ்டத்துக்குத்தான். பாண்டேஜி வாய் நிறைய வத்தலோடு "அச்சா, அச்சா" என்று தலையாட்டுவார்.

இங்கேதான் ஒரு விஷயம். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் சாப்பிடுவேன். திரை எனக்கும் தெரியும். ஒருநாள் முரளியின் ராசிக்கு 'வீண் அலைச்சல், மனக்கலக்கம், பண விரயம்' என்று போட்டிருந்தது. மேடம் கொஞ்சமும் தயங்காமல் வாசித்தார்: "மிதுனம். நல்ல சேதி ஒண்ணு வந்து சேரும். வெளியில வாங்கித் திங்கதைக் குறைக்கணும்." முரளி அன்றைக்குக் காலையில்தான் தெருக்கடையில் சோலே பட்டூரே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். "அரே மேடம், இது எப்படி பேப்பர்காரனுக்குத் தெரிஞ்சது!" என்று அரண்டுபோனான். நான் வாயைத் திறந்து, "மேடம், அப்படிப் போடலியே..." என்றேனோ இல்லையோ, என் காலை நறுக்கென்று மிதித்தார் பாருங்கள், உயிர் போய்விட்டது.

அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். ரேவதியின் தம்பி விமானப் படையில் எல்லைப் பக்கம் இருந்தான். எல்லைச் செய்தி வந்தால் மேடம் அதைத் தாண்டிக் கோலப்போட்டிக்குப் போய்விடுவார். முரளியின் மனைவி உண்டாகியிருந்த மாதங்களில் எங்கள் செய்தித்தாளில் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே வரவில்லை. விபத்தில் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். "நாமெல்லாம் இம்புட்டுத் தொலவுல உக்காந்திருக்கோம். இங்கேருந்து என்ன செய்ய முடியும்? நல்லதாக் கேட்டுட்டுப் போட்டும் பிள்ளைய" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு வத்தலைத் தின்றேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு திங்கட்கிழமை வரைக்கும். இணைய இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ முனகியிருக்கிறார்கள். டைரக்டர் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். முதல் வரியில் செண்பகம் மேடத்தின் கணினி, இரண்டாவது இடத்தில் இருந்தது கிட்டத்தில்கூட இல்லை. "அடுத்த வாரத்திலிருந்து இந்த இணைப்பைத் துண்டித்துவிடு. அவருக்கு ஒரு மெமோவும் போகட்டும்" என்றார்.

நான் போய்ச் சொன்னதும் மேடம் முகம் சுண்டிப்போயிற்று. "மெமோதானே? குடுத்தா வாங்கிக்கிடுதேன், அது கிடக்கட்டும். மத்தியானம் பிள்ளைய வந்து உக்காருதது நின்னுரப்பிடாது தம்பி. ஒரு நாளைக்கு அந்த ஒரு மணி நேரந்தான் நான் மனுசங்களோட பேசுதது. நீ ஏதாவது செய்டே" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அந்த வாரம் முழுக்க ப்ராக்ஸியின் வரிகளோடு மல்லுக்கட்டினேன். பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். அந்த நாளிதழ்ப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் ஏராளம். ஒரு தரம் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விழுந்துவிடும். அதோடு, யாரும் தொடாவிட்டாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். மேடம் சாப்பாடு முடிந்து கோப்புகளில் மூழ்கியிருப்பார், பின்னால் அந்தப் பக்கம் தன்பாட்டுக்கு வரியைக் குவித்துக்கொண்டிருக்கும். என் அருமை நிரல் அத்தனையையும் மேடத்தின் தலையில் எழுதிவிட்டது! தானாக நடந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உபயோகமெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான், அதுவும் ஐந்து பேர் சேர்ந்து. புதிதாக அறிக்கை போட்டு, டைரக்டரிடம் எடுத்துப் போய், உடைந்த ஹிந்தியில் எல்லாவற்றையும் விளக்கினேன்.

நல்ல மனிதர் அவர். பொறுமையாகக் கேட்டார். "மத்லப், அதாவது அஞ்சு பேர் ஒரே கணினியில் முட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் மேசையில் இணையம் இல்லாததால்தானே? பாவம். எல்லாருக்கும் ஆளுக்கொரு இணைப்பு கொடுத்துவிடு. அந்த உங்கள் மதராசி எழுத்தையும் எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடு" என்றார். இணைப்பின் வேகத்தைக் கூட்டவும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மெமோ ரத்து.

அன்றைக்கு எங்கள் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மறுநாள் மேடம் மைசூர்பாகு கிளறி எடுத்து வந்தார். முரளி என்னைத் தூக்கியே சுற்றிவிட்டான். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் சொல்லுங்கோ" என்று ரேவதி என் டப்பாவில் இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். நான் ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் மத்தியானம் முரளி வரவில்லை. எட்டிப் பார்த்தால் தன் மேசையில் மேட்ச் ஸ்கோர் பார்த்துக்கொண்டே சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான். "தோ வந்துட்டேன், தோ மினிட்" என்றான். ரேவதி அமெரிக்காவிலிருக்கும் அக்காவுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தாள். மேடம் சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வத்தல் இருக்கும்வரை பாண்டேஜி வந்தார். பிறகு அவரும் ரயில் டிக்கெட் பார்க்கும் தளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். யாரும் யாரையும் வெறுக்கவில்லை, சண்டையில்லை, மனஸ்தாபமில்லை. நின்றுபோயிற்று, அவ்வளவுதான். நானுமே எத்தனையோ நாள் போகவில்லை. என் அறிக்கையில் எல்லாக் கணினிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்திருந்தன. டைரக்டர் அதன்மேல் 'எக்ஸலண்ட்' என்று எழுதினார்.

ஒருநாள் மேடம் சர்வர் அறைக்கு வந்தார். குளிர் வாங்க வந்தவராகத் தெரியவில்லை. "என் மேசையில இருக்க நெட்டை எடுத்திருடே" என்றார்.

"ஏன் மேடம்? அதுக்குத்தானே அவ்வளவு பாடுபட்டோம்?"

"எனக்கு இல்லைன்னா நான் அவங்க மேசைக்குப் போலாம்லா? சும்மா போயி நிக்க ஒரு மாதிரி இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

எழுதிக் கொடுத்தார். டைரக்டருக்கு ஒரே பூரிப்பு. அரசாங்கப் பணத்தை மிச்சம் பிடிக்கிற அம்மாள் என்று கூட்டத்தில் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினோம்.

மறுநாள் மேடம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு முரளியின் மேசைக்குப் போனார். "எனக்கு நெட் இல்லப்பா. பேப்பர் பாக்கணும்" என்றார். முரளி துள்ளி எழுந்தான். "அரே மேடம், நீங்க உக்காருங்க, உக்காருங்க! ஆராமா பாருங்க, ஜல்தி இல்ல. நான் கேன்டீன்ல சாய் குடிச்சிட்டு வரேன்" என்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவ்வளவு மரியாதை அவர்மேல் அவனுக்கு. பெரியவர் நிம்மதியாகப் பார்க்கட்டுமே என்றுதான் போனான். என்ன குறை சொல்ல முடியும் அவனை?

மேடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியை மாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மேடம், படிங்க. நான் கேக்கறேன்" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், ஆரம்பிக்க வாயைக்கூடத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"போடே. ஒனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

நான் வேறு வேலை கிடைத்து தில்லியை விட்டு வந்தேன். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டதாக முரளி சொன்னான். அப்புறம் ஒருநாள் அவர் இல்லை என்றும் சொன்னான். அன்றைக்கு உட்கார்ந்து அந்த நாளிதழின் அந்தக் காலத்துப் பக்கங்களை இணையத்தில் தேடினேன். சிலது கிடைத்தது. பொறுமையாக ஒன்றுவிடாமல் படித்தேன். நாங்கள் கேட்ட செய்தி எதுவும் அதில் இல்லை.