இடிதாங்கி ஓட்டிய காலம்

"எட்றா நைனா வண்டிய, ஊட்டாண்ட போய்த் தூங்கு!" பின்னால் ஒரு தண்ணீர் லாரிக்காரர் ஹாரனோடு கத்திக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதுதான் என் தொழில். பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே பைபாஸில் குழி அடைக்கிறவர்களுக்குப் பின்னால், வாலில் பெரிய மெத்தைப் பெட்டி மாட்டிய லாரி ஒன்று நிற்கும். தறிகெட்டு வருகிற வண்டி ஆட்கள்மேல் ஏறாமல் அதில் மோத வேண்டும். ஆட்கள் அதற்கு வைத்த பெயர் இடிதாங்கி. இரண்டு வருடம் அதற்கு நான் டிரைவர். சும்மா உட்காரச் சம்பளம் வாங்கிப் பேச்சும் வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

பெல்ட்

நிற்கிற வண்டியிலும் பெல்ட் போட்டு, தலையைச் சீட்டில் ஒட்டவைத்து உட்கார வேண்டும். ஒருநாள் ஓரமாகக் கணவருக்குக் காத்திருந்த ஒரு அம்மா வந்து கதவைத் தட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கால்மணி நேரமாக என் தலை அசையவில்லையாம். "ஒடம்பு முடியலன்னா எதுக்குப்பா வண்டிய எடுத்துகினு வர்ற?"

கற்பூரம்

ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவி, மெத்தைக்குச் சந்தனம் வைத்தோம். யாரும் இடிக்காவிட்டால் இந்த வண்டி எதற்கு? இடித்தால் உள்ளே இருப்பது நான். மேஸ்திரி கோதண்டன் தட்டோடு நின்றுவிட்டார். "இடிக்கணும்னு வேண்டுறதா, கூடாதுன்னு வேண்டுறதா? சீக்கிரம் சொல்லு மாமே, கற்பூரம் அணையுது."

நிழல்

இடி விழுந்தால் என் லாரியும் முன்னால் பாயும். அதனால் எனக்கு முன்னே ஐம்பது தப்படிக்கு யாரும் இருக்கக் கூடாது. ஆனால் பைபாஸில் மதியம் இருக்கிற ஒரே நிழல் என் லாரியின் நிழல். தார் வாளி தூக்கும் செல்வி அக்கா தினமும் சோற்று டப்பாவோடு என் பம்பரடியில் வந்து உட்காருவார். தினமும் நான் எழுப்புவேன். "நெழலுக்கு இன்னா, உங்கப்பனா வாடகை குடுக்குறான்?" என்பார்.

இடி

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு அக்கா வேலைக்கு வந்திருந்தார். மதியம் பம்பரடியில் வந்து உட்கார்ந்தபோது முகம் சுண்டிக் கிடந்தது. இன்று ஒருநாள் விட்டுவிடலாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பிறகு ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அக்கா டப்பாவை அப்படியே போட்டுவிட்டு, வைதுகொண்டே வெயிலுக்குப் போனார்.

கோஸ் ஏற்றிய டெம்போ ஒன்று எச்சரிக்கைக் கூம்புகளைத் தட்டிக்கொண்டு நேராக வருவது கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. மெத்தை அப்பளமாக நொறுங்கியது. பிரேக் போட்டிருந்த என் லாரி இரண்டு ஆள் நீளம் முன்னால் போய் நின்றது. டெம்போக்காரர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். ஓடிவந்த செல்வி அக்கா, முன்சக்கரத்தின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "புது டப்பா, பாவி" என்றார்.

அன்று இடி வாங்கச் சம்பளம். இப்போது ஆவடியில் பள்ளி வேன் ஓட்டுகிறேன், இடி வாங்காமல் இருக்கச் சம்பளம்.

டப்பா நசுங்கிய அன்றைக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி போட்டுக் கொடுத்த சோற்றில் பாதியை ஒரு மூடியில் தள்ளி, என் சீட்டில் வைத்துவிட்டு, அக்கா வெயிலுக்குத் திரும்பிப் போனார்.