இல்லாத ஆட்டுக்கு என்ன விலை?

கேம் மாஸ்டர் வேலையில் டிராகனைக்கூடச் சமாளித்துவிடலாம், ஆட்டுக்கு விலை சொல்வதுதான் பெரும்பாடு. மூணு பேரை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, பகடை உருட்டி, ராஜா காலத்துச் சாகசக் கதையை வாயாலேயே நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக ஆடுவார்கள். டிராகன், வியாபாரி, கொள்ளைக்காரன், மழை, வெயில் எல்லாம் நான். உங்களில் யாராவது இந்த வம்பில் மாட்டியிருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும். வாரநாளில் எனக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு மாடியில் இந்தக் கூத்து.

ஒரு வாளுக்கு எத்தனை ஆடு?

எங்கள் ஆட்டத்தில் ரூபனின் வீரனைக் கடற்கொள்ளையர் பிடித்துக் கப்பலில் அடைத்துவிட்டார்கள். மீட்க நூறு பொற்காசு கேட்டிருந்தேன். ரூபன் நிஜத்தில் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற பையன். லீவு முடியப் போகிறது, கிளம்பினால் திரும்ப ஒன்பது மாசம் ஆகும். கிளம்புவதற்குள் ஆட்டத்தில் விடுதலையாகிவிட வேண்டும் என்று ஆசை அவனுக்கு. கைதிக்கு ஆட்டத்தில் என்ன வேலை? முந்திரி மக்ரூன் இனிப்பைத் தின்றுகொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

அவனை மீட்க வேண்டியவர்கள் கூட ஆடுகிற செல்வியும் நெல்சனும். ஒரு அரக்கனை வீழ்த்தியதில் அவர்களுக்கு ஒரு ஆட்டு மந்தை கிடைத்திருந்தது. அதை விற்றுப் பணம் கட்டுவோம் என்றார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆடு ஒரு காசு, வாள் பதினைந்து காசு என்று போட்டிருந்தது. செல்வி கால்நடை மருந்துக் கடையில் நிற்கிறவள், சும்மா விடுவாளா? "அண்ணாச்சி, இப்படி விலை வச்சா ஒங்க ராஜ்யத்துல ஆடு வளக்கவன் பூரா பட்டினி கிடந்து செத்துருப்பாம்லா!"

எட்டயபுரம் சந்தையில்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரியான விலையைத் தெரிந்துகொண்டே தீருவது என்று எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு பஸ் ஏறினேன். போனால் ஆட்டுக்கு ஒரு விலை என்பதே இல்லை. வளர்க்கவா, கறிக்கா, கோயில் நேர்ச்சைக்கா என்று கேட்டுவிட்டு ஒரே கிடாவுக்கு மூணு விலை சொல்கிறார்கள். இது என்னடா புதுசாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே உற்சாகம். பார்த்த ஆட்டின் வாயையெல்லாம் திறந்து, வயசு தெரியப் பல் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு தரகர் பின்னாலேயே வந்தார். வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை, பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டார். இது விளையாட்டுக்கு, கதையில் வருகிற ஆடு, உண்மையில் இல்லை என்று விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "இல்லாத ஆடுன்னா இன்னும் கூடத்தான் சொல்லணும் தம்பி. தீவனச் செலவு கிடையாதுல்லா!"

நெல்சன் செய்த வியாபாரம்

அடுத்த ஞாயிறு புது விலையோடு உட்கார்ந்தேன். ஒழுங்காகப் பேரம் பேசினால் ரூபனை மீட்டு, மிச்சமும் பார்க்கலாம். வியாபாரியாக நானே முதல் விலை கேட்டேன், வேண்டுமென்றே அடிமாட்டு விலைக்கு. யாரும் முதல் கேள்விக்குப் பொருளைக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? நெல்சன் கொடுத்தான். அவன் வீட்டில் மூணு தலைமுறையாக மீன் ஏலம் விடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. "சரி, எடுத்துக்கிடும்" என்று மந்தையையே தள்ளிவிட்டான். பால் கறக்கிற வெள்ளாடு ஒன்றை மட்டும் செல்வி கயிற்றோடு பிடித்து இழுத்து வைத்துக்கொண்டாள்.

கைக்கு வந்தது பாதிப் பணம்கூட இல்லை. ரூபன் முகம் தொங்கிப்போனது. எனக்கே சங்கடமாகிவிட்டது. செல்வி எழுந்து நின்று கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும். "ஏலே நெல்சா, அது ஆடுலே! நாளைக்கு வரைக்கும் உசுரோட நிக்கும், அதுக்கு ஐஸ் போட வேண்டாம்!"

கைதி வாய் திறந்தான்

ரூபனுக்குக் கடைசி ஞாயிறு. புதன்கிழமை அவன் கப்பல் ஏறுகிறான். விற்ற மந்தைக்கு விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் தாங்களேன் என்று நெல்சன் கெஞ்சினான். ஊர் சிரிக்கச் சந்தைக்குப் போய் வந்தவன் நான், ஒரு காசு ஏற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அப்போதுதான் அத்தனை வாரமாகச் சும்மா இருந்த ரூபன், கொள்ளைக் கப்பல் கேப்டனிடம் பேச வேண்டும் என்றான். கேப்டனும் நான்தானே, பேசு என்றேன்.

"கேப்டன், கரையைத் தொட்டு எத்தனை மாசமாச்சு?"

"ஆறு இருக்கும்."

"கரையில எங்க ஆளுக கிட்ட கறக்குற வெள்ளாடு ஒண்ணு நிக்கி. நடுக்கடல்ல பொற்காசை வச்சு என்ன வாங்குவீரு? நல்ல பால் ஊத்தி டீ குடிச்சு எத்தனை நாளாச்சு?"

கொள்ளையர் உலகத்தில் டீ உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் சந்தையில் கேட்டு வந்த விலை எதுவும் இதற்கு உதவவில்லை. கரையில் நிற்கிற ஆட்டின் விலை எனக்குத் தெரியும், ஆறு மாசம் கடலில் கிடக்கிறவனுக்கு அது என்ன விலை என்று யாரிடம் போய்க் கேட்பது? காசு வேண்டாம், ஆட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டு நீ இறங்கிக்கொள் என்று கேப்டன் சொல்லிவிட்டார். நெல்சன் மேசையில் ஏறாத குறை. நான் ரூபன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, எப்படிடா யோசித்தாய் என்று கேட்டேன். "யோசிக்கவே இல்ல அண்ணாச்சி. புதன்கிழமையில இருந்து எனக்கும் பவுடர் பாலுதான்."

ஆட்டுக்கு நியாயமான விலை வைக்கப் போகிற சக கேம் மாஸ்டர்களே, ஆட்டின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால், வாங்குகிறவன் கடைசியாக எப்போது நல்ல டீ குடித்தான் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.